திட்டாமல் கேட்டால் குடி குறையுமா?

காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவரிடம் "எவ்வளவு குடிப்பீங்க?" என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் அடுத்து வருவது திட்டுதான். கோவாவில் பத்து சுகாதார நிலையங்களில் இதை மாற்றிப் பார்த்தார்கள்.

'சங்கத்' என்னும் தொண்டு நிறுவனத்தின் அபிஜித் நட்கர்ணி, விக்ரம் படேல் குழுவினரின் அந்த ஆய்வு 2017-இல் 'லான்செட்' இதழில் வெளியானது. சிகிச்சைக்கு வந்த ஆண்களிடம் குடிப்பழக்கம் பற்றி உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விகள் கேட்கப்பட்டன. மொத்தம் 40 மதிப்பெண். 8 வந்தாலே எச்சரிக்கை. 12 முதல் 19 வரை பெற்ற 377 பேர் ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்போடு ஆலோசனையும் கிடைத்தது.

ஆலோசகர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். மனநலப் படிப்பு படித்தவர்கள் இல்லை. அதிகபட்சம் நான்கு சந்திப்புகள். எந்த நேரத்தில் குடிக்கத் தோன்றுகிறது, நண்பர் ஊற்றிக் கொடுத்தால் எப்படி மறுப்பது என்று பேசினார்கள். மூன்று மாதத்தில் ஆலோசனை பெற்றவர்களில் 36 சதவீதம் பேர் 8-க்குக் கீழே வந்தார்கள். ஆலோசனை பெறாதவர்களில் 26 சதவீதம். ஓராண்டில் அது 54-க்கு 32 ஆனது. ஆனால் மூன்று மாதக் கணக்கில் மனைவியை அடிப்பது குறைந்ததாகத் தெரியவில்லை. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

மதிப்பெண் 20-ஐத் தொட்டவர்களின் நிலைமை வேறு. வருடக்கணக்கில் தினமும் குடித்தவரை அறையில் பூட்டிவைத்து நிறுத்த நினைப்பது ஆபத்து. முதல் நாளே கை நடுங்கும், வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாத பூச்சி கண்ணுக்குத் தெரியும், ஆள் அடையாளம் தெரியாது. கவனிக்காவிட்டால் உயிரே போகும். மருத்துவமனையில் டயஸெபாம் போன்ற மாத்திரைகளைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். தயமின் என்னும் பி1 வைட்டமின் ஊசியும் அவசியம். அது இல்லாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம்.

'கணவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுங்கள்' என்று விற்கும் பொடிகளை நம்ப வேண்டாம். குடியை நிறுத்த மருத்துவர் தரும் டைசல்ஃபிராம் மாத்திரையையும் அப்படி ரகசியமாகக் கலக்கக் கூடாது. அது உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரியும். சாப்பிடுபவர் சம்மதத்தோடு, மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து அது.

2019-இல் வெளியான மத்திய அரசின் ஆய்வறிக்கைப்படி, குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவர்தான் ஏதேனும் சிகிச்சை பெறுகிறார். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், டெலி மானஸின் 14416 எண்ணை அழையுங்கள். கட்டணம் இல்லை, எந்நேரமும் தமிழில் பேசலாம்.