சதுரங்கப்பட்டினத்தில் கிடைத்த டச்சுக்காரர்களின் ‘சுங்கான்’: மண் குழாய் சொல்லும் கதை என்ன?

கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்தபடி நிற்கிறது சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டை. மாமல்லபுரத்துக்கு வருகிறவர்களில் பலர் இங்கே எட்டிப் பார்ப்பதுகூட இல்லை. இந்திய தொல்லியல் துறை கோட்டைக்குள் தோண்டியபோது சீனப் பீங்கான் துண்டுகள், கண்ணாடிப் பொருட்கள் ஆகியவற்றோடு வெள்ளைக் களிமண்ணில் செய்த புகைக் குழாய்த் துண்டுகளும் கிடைத்தன. தமிழில் இதற்குச் ‘சுங்கான்’ என்று பெயர்.

உடைந்த ஒரு புகைக் குழாயில் அப்படி என்ன இருக்கிறது? அதே மாதிரி அலங்காரச் சுங்கான் ஒன்று வீட்டில் இருந்தால் எப்படிப் பார்த்துக்கொள்வது? கோட்டைப் பக்கம் ஒரு துண்டு கண்ணில் பட்டால் எடுத்து வரலாமா?

டச்சுக்காரர்கள் இங்கே என்ன செய்தார்கள்?

17ஆம் நூற்றாண்டில் டச்சுக் கிழக்கிந்திய கம்பெனி சோழமண்டலக் கடற்கரை நெடுக வணிகத் தலங்களை அமைத்தது. பழவேற்காடு, நாகப்பட்டினம் வரிசையில் ‘சதுரங்கப்பட்டினம்’ முக்கியமான ஊர். ஐரோப்பியர் வாயில் இந்தப் பெயர் ‘சட்ராஸ்’ ஆனது. இங்கு நெய்த மெல்லிய மஸ்லின் துணிக்கு வெளிநாட்டில் நல்ல கிராக்கி. கோட்டைக்குள் கிடங்குகளும், வேலைப்பாடு மிகுந்த கல்வெட்டுகளோடு கூடிய டச்சுக் கல்லறைகளும் இன்றும் இருக்கின்றன. 1782 பிப்ரவரி 17 அன்று இந்த ஊருக்கு எதிரே கடலில் ஆங்கிலேய, பிரெஞ்சுக் கப்பற்படைகள் மோதின. 1824 ஒப்பந்தத்துக்குப் பிறகு ஊர் முழுவதுமாக ஆங்கிலேயர் கைக்குப் போனது.

துணி வாங்க வந்த கப்பல்களில் ஜின், கண்ணாடிக் குவளை, பீங்கான் எல்லாம் வந்தன. கூடவே சுங்கான்களும் வந்தன. நம்மூர்க்காரர்கள் புகையிலையைச் சுருட்டிப் பிடித்தார்கள். ஆங்கிலத்தில் உள்ள ‘செரூட்’ என்ற சொல்லே தமிழ்ச் ‘சுருட்டு’தான். டச்சுக்காரர்களுக்கோ குழாய்தான் பழக்கம்.

சுங்கானை எப்படிச் செய்தார்கள்?

சீஸுக்குப் பேர்போன நெதர்லாந்தின் கௌடா நகரம் ஒரு காலத்தில் சுங்கானுக்கும் பேர்போனது. அங்கே சுங்கான் செய்வோர் 1660இல் தங்களுக்கென்று ஒரு சங்கமே அமைத்துக்கொண்டார்கள்.

இரும்புச் சத்து குறைந்த களிமண்தான் மூலப்பொருள். அதனால்தான் சுட்ட பிறகும் வெள்ளையாக இருக்கிறது. களிமண்ணை வால் முளைத்த உருண்டை மாதிரி உருட்டி, எண்ணெய் தடவிய கம்பியை வாலுக்குள் மெதுவாகச் செலுத்துவார்கள். பிறகு இரண்டு பாதியாகப் பிரியும் அச்சுக்குள் வைத்து அழுத்தி, புகையிலை போடும் கிண்ணத்தைக் குடைவார்கள். உயர்ந்த ரகத்தை அகேட் கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கிய பிறகு சூளையில் சுடுவார்கள். கிண்ணத்தின் அடியில் இருக்கும் சின்னக் குமிழில் செய்தவரின் முத்திரை விழும். 1740 வாக்கில் இருந்து, கௌடா நகரச் சின்னத்தையும் குமிழின் பக்கவாட்டில் பதிக்கத் தொடங்கினார்கள்.

ஒரு துண்டை வைத்துக் காலத்தைச் சொல்ல முடியுமா?

முடியும். சுங்கான் விலை மலிவு, சீக்கிரம் உடையும். உடைந்ததும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவார்கள். அதனால் ஒரு துண்டு மண்ணுக்குள் போன காலம், அது செய்யப்பட்ட காலத்துக்கு மிக அருகில் இருக்கும்.

ஆரம்பத்தில் புகையிலை விலை அதிகம், அதனால் கிண்ணம் சிறியது. புகையிலை மலிவானதும் கிண்ணம் பெரிதானது. தண்டு நீள நீள, உள்ளே உள்ள துளை குறுகியது. 1954இல் அமெரிக்கத் தொல்லியலாளர் ஜே.சி. ஹாரிங்டன் ஆங்கிலேயச் சுங்கான் தண்டுகளின் துளைகளைச் சாதாரண டிரில் பிட்டுகளால் அளந்து பார்த்தார். 1600 வாக்கில் சுமார் 3.5 மி.மீ. இருந்த துளை, 1750க்குப் பிறகு சுமார் 1.6 மி.மீ. ஆகச் சுருங்கியிருந்தது. டச்சுச் சுங்கான்களுக்கு இந்தக் கணக்கு அவ்வளவாக ஒத்துவராது. அவற்றுக்கு முத்திரையும் கிண்ணத்தின் வடிவமும்தான் துப்பு.

எப்படிப் பயன்படுத்தினார்கள்?

களிமண் கிண்ணம் சீக்கிரம் சூடாகிவிடும். அதனால் தண்டையோ அடிக் குமிழையோதான் பிடிப்பார்கள். தண்டு நீளமாக இருந்தால் புகை வாய்க்கு வருவதற்குள் கொஞ்சம் ஆறும். காய்ந்த களிமண் உதட்டில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் நுனியில் மெழுகு பூசுவதும் உண்டு. கறை பிடித்த சுங்கான்களை இரும்புத் தாங்கியில் அடுக்கி அடுப்பில் வைத்துச் சுட்டால் கசடு எரிந்து, மறுபடி வெள்ளையாகிவிடும்.

“சத்திரத்தில் ஒரே சுங்கானைப் பலர் பிடிப்பார்கள், ஒவ்வொருவரும் நுனியை ஒடித்துவிட்டுப் பிடிப்பார்கள்” என்று ஒரு கதை உலவுகிறது. ஆய்வாளர்கள் பலர் இதை ஏற்பதில்லை.

இந்தப் பழக்கம் உடம்பையும் விட்டுவைக்கவில்லை. எப்போதும் ஒரே இடத்தில் தண்டைக் கடித்ததால் பற்களில் வட்டமாகத் தேய்ந்த பள்ளம் விழுந்திருப்பது, ஐரோப்பாவின் பழைய எலும்புக்கூடுகள் பலவற்றில் காணப்படுகிறது.

வீட்டில் அலங்காரச் சுங்கான் இருந்தால்?

* உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். தண்டைப் பிடித்துத் தூக்க வேண்டாம். கிண்ணத்துக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து எடுங்கள்.
* மெருகு பூசாத களிமண் தண்ணீரை உறிஞ்சும். சோப்பு, பிளீச்சிங், வினிகர் எதுவும் வேண்டாம்.
* உடைந்தால் ஃபெவிக்விக் போட்டு ஒட்டாதீர்கள். பின்னால் முறையாகச் சரிசெய்வது கஷ்டமாகிவிடும். துண்டுகளை மெத்தென்ற தாளில் தனித்தனியாகச் சுற்றி வையுங்கள்.
* கடலோர வீடுகளில் கூடுதல் கவனம் தேவை. களிமண்ணுக்குள் இறங்கிய உப்பு, காயும்போது படிகமாகி மேற்பரப்பை உரித்துவிடும். ஜன்னல் ஓரம் வேண்டாம், மூடிய கண்ணாடி அலமாரி நல்லது.
* அலங்காரத்துக்காக விற்கும் பொருளில் உள்ள வண்ணப் பூச்சும் மெருகும் நெருப்புக்கும் வாய்க்கும் ஏற்றவை என்று நம்ப முடியாது. ஈயம் கலந்த மெருகாகவும் இருக்கலாம். பார்வைக்கு மட்டும் வையுங்கள்.

“குழாயில் பிடித்தால் கெடுதல் குறைவு” என்பதும் தப்பு. வாய், தொண்டைப் புற்றுநோய் ஆபத்து இதிலும் உண்டு. பொது இடத்தில் புகைத்தால் 2003ஆம் ஆண்டு புகையிலைச் சட்டப்படி ரூ.200 வரை அபராதம். பழக்கத்தை விட நினைப்பவர்கள் 1800-11-2356 என்ற இலவச எண்ணை அழைக்கலாம்.

கோட்டையில் கிடைத்தால் எடுத்து வரலாமா?

கூடாது. இது இந்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். இங்கிருந்து எதையும் எடுத்துச் செல்லக் கூடாது. 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டுகளைத் தாண்டிய இத்தகைய பொருள் ‘தொல்பொருள்’. உரிமம் இல்லாமல் அதை வைத்து வியாபாரம் செய்ய முடியாது, தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. மண்ணுக்குள் கிடைக்கும் ரூ.10க்கு மேல் மதிப்புள்ள புதையல் பொருளை ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுச் சட்டம்.

“சும்மா ஒரு துண்டுதானே, யாருக்கு நஷ்டம்?” என்று தோன்றலாம். எந்த மண் அடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் அந்தத் துண்டின் மதிப்பே. ஒரு சுவர் எப்போது கட்டப்பட்டது, ஒரு கிடங்கு எப்போது கைவிடப்பட்டது என்பதை அதன் அடியில் கிடக்கும் சுங்கான் துண்டு சொல்லிவிடும். அதையே எடுத்து வந்து அலமாரியில் வைத்தால் அது வெறும் உடைந்த களிமண்.

கண்ணில் பட்டால் தொடாமல், பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள். கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, கோட்டையில் இருக்கும் தொல்லியல் துறை ஊழியரிடம் சொல்லுங்கள்.