காற்றில் உறையும் பசை

மோட்டார் வண்டியின் எஞ்சின் பல உலோகப் பகுதிகளை மரையாணிகளால் இறுக்கிப் பொருத்துவதால் உருவாவது. அப்பகுதிகளை எத்துணை நுட்பமாகக் கடைந்தெடுப்பினும், அவை சேருமிடத்தில் மயிரிழை போன்ற இடைவெளி எஞ்சியே நிற்கும். எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியில் அவ்விடைவெளி அடைபடாவிடின் எண்ணெய் சொட்டுச் சொட்டாக ஒழுகிவிடும். எண்ணெய் வற்றினால் உராய்வு மிகும், வெப்பம் பெருகும், சுழலும் உறுப்புகள் இறுகிப் பிடித்துக்கொள்ள, எஞ்சினே பாழாகும். முற்காலத்தில் தக்கையையும் தடித்த தாளையும் வடிவாக வெட்டி இடையே வைத்தனர். பட்டறையில் இதனைப் ‘பேக்கிங்’ என்பர். இக்காலத்தில் பல இடங்களில் அப்பணியைச் சிலிக்கோன் பசை ஏற்றுக்கொண்டது.

மணலில் அடங்கியுள்ள சிலிக்கன் என்னும் தனிமமே இப்பசைக்கு மூலம். சிலிக்கன் அணுவும் ஆக்சிஜன் அணுவும் மாறி மாறிக் கோத்த சங்கிலி போன்றது இதன் அமைப்பு. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் பணிபுரிந்த பிரெடரிக் கிப்பிங் என்னும் வேதியியலறிஞர் இப்பொருள்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். ஆயினும் அவற்றால் பெரும்பயன் விளையும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. 1940-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் யூஜின் ரோச்சோ இவற்றை எளிதிற் செய்யும் வழியைக் கண்டார். அதன் பின்னரே இவை தொழிலுலகில் பரவின.

குழாய்க்குள் களிம்பு போல் மென்மையாக இருக்கும் இப்பசை, வெளியே வந்ததும் இரப்பராகின்றது. இம்மாற்றத்தைச் செய்வது காற்றிலுள்ள ஈரம். பசையின் மூலக்கூறுகள் ஈரத்தோடு வினைபுரிந்து ஒன்றோடொன்று பிணைந்துகொள்கின்றன. ஈரம் வெளியிலிருந்தே உட்புக வேண்டுமாதலின், மேற்புறம் சில நிமிடங்களிலேயே தோல் போல் உறையும். உட்புறமோ ஒரு நாளில் ஏறத்தாழ 2 அல்லது 3 மில்லிமீட்டர் ஆழமே உறையும். மேற்புறத்தைத் தொட்டுப் பார்த்து, ‘காய்ந்துவிட்டது’ என்று உடனே எண்ணெய் ஊற்றி எஞ்சினை ஓட்டுவோர் இதனை மறந்தவரே ஆவர்.

பசைக்கு உயிரளிக்கும் அவ்வீரமே அதற்குப் பகையும் ஆகும். மூடிய குழாயினுள்ளும் மூடியின் மரை வழியாகவும் பிளாஸ்டிக் சுவர் வழியாகவும் ஈரம் சிறிது சிறிதாக நுழைகின்றது. ஆதலால், பயன்படுத்தத் தக்க கால எல்லையைக் குழாயின்மேல் பொறிப்பர். திறவாத குழாய்க்கு, உலர்ந்த குளிர்ந்த இடத்தில் வைத்திருப்பின், அது பெரும்பாலும் ஓராண்டு முதல் ஈராண்டு வரை இருக்கும். வெயிலில் நிற்கும் வண்டியின் கருவிப்பெட்டி அதற்கேற்ற இடமன்று. நாள் கடந்த பசை குழாயிலேயே கட்டியாகிவிட்டால் தீங்கில்லை. அதனை எவரும் பூச இயலாது. மென்மையாக வெளிவந்து, பின்னர் உறையாமலே பிசுபிசுப்பாக நிற்கும் பசையே ஏமாற்றுவது. ஐயமுள்ள பசையைக் கண்ணாடித் துண்டின்மேல் சிறிது தடவி மறுநாள் கீறிப் பார்த்தால் அதன் நிலை விளங்கும். ஒரு குழாய்ப் பசையின் விலைக்கும் ஓர் எஞ்சினின் விலைக்கும் உள்ள தொலைவு சொல்லாமலே விளங்கும்.

நல்ல பசையையும் மிகுதியாகப் பூசுதல் கேடு. இரு பகுதிகளையும் இறுக்கும்போது மிகுந்த பசை வெளியே பிதுங்குவது போல் உள்ளேயும் பிதுங்குகின்றது. வெளியே பிதுங்கியதைத் துடைத்துவிடலாம். உள்ளே பிதுங்கியது கண்ணுக்குப் புலனாகாது. அது நாளடைவில் அறுந்து எண்ணெயில் மிதந்து சென்று, எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வலையில் ஒட்டிக்கொள்ளும். அப்பொழுது தொட்டி நிறைய எண்ணெய் இருந்தும் எஞ்சின் எண்ணெயின்றி வாடும். மெல்லிய ஒரே கோடாக, மரையாணித் துளைகளின் உட்புறமாகச் சுற்றிவரப் பூசுவதே முறை. உறைந்த பழைய பசையின்மேல் புதிய பசை நன்கு ஒட்டாது. ஆகவே பழையதை முற்றும் அகற்றி, எண்ணெய்ப் பசையையும் துடைத்தல் வேண்டும்.

பெட்ரோல் படும் இடங்களில் சிலிக்கோன் ஊதிப்போகும். சிலவகைப் பசையின் ஆவி, புகைப்போக்கியில் உள்ள ஆக்சிஜன் உணரியின்மேல் படிந்து அதனைக் கெடுத்துவிடும். அதற்கென ஆவி குறைந்த வகைகள் விற்கப்படுகின்றன. உறையும்போது புளிக்காடி மணம் வீசினால் அசெட்டிக் அமிலம் வெளிப்படுகின்றது என்பது பொருள். அது செம்பையும் மின்கம்பி இணைப்புகளையும் அரிக்கும், கண்ணையும் உறுத்தும். வேறு வகைப் பசைகளில் இம்மணம் இராது. மணமின்மையால் அவற்றின் ஆவி தீங்கற்றது என்று கொள்ளுதல் தவறு. எவ்வகையாயினும் காற்றோட்டமுள்ள இடத்தில், கையுறை அணிந்தே பூச வேண்டும். கண்ணிற் பட்டால் தூய நீரால் நன்கு கழுவி மருத்துவரை நாடுதல் வேண்டும்.

எஞ்சிய பசையை மூடி வைக்குமுன், குழாயின் வாயில் சிறிது பசை துருத்தி நிற்க விடுவர். அது உறைந்து முளை போல் வாயை அடைத்துக்கொள்ளும். அடுத்த வேலை வரும்போது அம்முளையைப் பிடுங்கி எறிந்தால், அதன் பின்னுள்ள பசை பெரும்பாலும் மென்மையாகவே இருக்கும்.