உடம்பு கேட்கும் மருந்து – 7: கையேடா, ஆளா?

மாத்திரை என்றால் பெயர், மில்லிகிராம், காலையா இரவா, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று எல்லாமே சீட்டில் வந்துவிடும். உடற்பயிற்சிக்கு மட்டும் ‘நல்லா நடங்க’ என்று இரண்டே வார்த்தை. எவ்வளவு தூரம், என்ன வேகம், முழங்கால் வலித்தால் என்ன செய்வது? அதெல்லாம் நோயாளியின் பாடு.

ஆஸ்திரேலியாவில் இதற்கென்றே ஓர் ஆள் உண்டு. எக்ஸர்சைஸ் ஃபிசியாலஜிஸ்ட் என்று பெயர். ஜிம் மாஸ்டர் அல்ல, பிசியோதெரபிஸ்ட்டும் அல்ல. பல்கலைக்கழகத்தில் படித்து, நோயாளிகளோடு பயிற்சி முடித்து, அங்கீகாரம் வாங்கியவர். சர்க்கரை, இதய நோய், மூட்டுத் தேய்மானம் என ஆண்டுக்கணக்கில் ஆளை விடாத நோய்கள்தான் இவரது களம். குடும்ப டாக்டர் எழுதிக் கொடுத்தால், 2006 முதல் அரசின் மெடிகேர் திட்டம் இவருடைய கட்டணத்தில் பங்கு தருகிறது.

இன்சுலின் போடுகிறவர் வந்தால் முதல் வேலை விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது. 90-க்குக் கீழே இருந்தால் டிரெட்மில் பக்கமே விடமாட்டார். ஏதாவது சாப்பிட வைத்து, அளவு ஏறிய பிறகுதான் பயிற்சி. அடுத்து ஷூவைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்ப்பார். உணர்ச்சி மரத்த காலில் கொப்புளம் வந்தாலும் உடையவருக்குத் தெரியாதே!

இதயத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர் கதை வேறு. எவ்வளவு வேகமாக நடந்தாலும் நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது. மெஷின் காட்டும் எண்ணை நம்பினால் வம்புதான். அதனால் ‘எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது?’ என்று நோயாளியிடமே கேட்டு, 6 முதல் 20 வரை எண் சொல்ல வைப்பார். ஸ்வீடனைச் சேர்ந்த குன்னார் போர்க் வகுத்த அளவுகோல் இது. 12, 13 என்று பதில் வந்தால் பெரும்பாலும் சரியான வேகம். எடை தூக்கும்போது மூச்சைப் பிடித்தால் ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். ஊதிக்கொண்டே தூக்கச் சொல்வார்.

இத்தனை மெனக்கெடல் தேவையா? ‘சேலஞ்ச்’ ஆய்வைப் பார்க்கலாம். பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடிந்த 889 பேர். பெரும்பாலும் கனடா, ஆஸ்திரேலியா மருத்துவமனைகளில் சேர்ந்தவர்கள். உடற்பயிற்சியின் நன்மைகளைச் சொல்லும் கையேடு எல்லோருக்கும் தரப்பட்டது. பாதிப் பேருக்குக் கூடுதலாக ஓர் ஆலோசகர், மூன்று ஆண்டுகளுக்கு. முடிவு 2025-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியானது. எட்டாம் ஆண்டில் உயிரோடு இருந்தவர்கள், ஆலோசகர் கிடைத்த பிரிவில் 90.3 சதவீதம்; கையேடு மட்டும் கிடைத்த பிரிவில் 83.2. சதை, மூட்டு வலி பயிற்சிப் பிரிவில் சற்று அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

புதிய மருந்து ஒன்று இந்த வித்தியாசத்தைக் காட்டியிருந்தால் கம்பெனிப் பங்கு எங்கேயோ போயிருக்கும். ஆளுக்குச் சம்பளம் தருவதில்தான் சிக்கல். முன்னோடியான ஆஸ்திரேலியாவிலேயே மெடிகேர் தருவது பொதுவாக ஆண்டுக்கு ஐந்து சந்திப்புகள். அதுவும் இவருக்கு மட்டுமல்ல. பிசியோ, உணவு ஆலோசகர், பாதச் சிகிச்சையாளர் எல்லோருக்கும் சேர்த்து. டைப் 2 சர்க்கரைக்காரர்களுக்குக் கூட்டு வகுப்புகள் தனிக் கணக்கு. மற்றவர்கள், மூட்டு வலிக்காக பிசியோவிடம் மூன்று முறை போய்விட்டால், இவரிடம் வர மிச்சம் இருப்பது இரண்டே தடவை.