விளக்கு அணைந்தாலும் கம்பியில் மின்சாரம் இருக்கலாம்!

மல்லாட்டை பிடுங்கிக் காயவைத்து மூட்டைகளை வீட்டுக்குள் அடுக்கியதும், பின்னாலேயே எலியும் வந்துவிடும். செஞ்சிக்கு வடக்கே, தேசூர் அருகே இருக்கும் சீயமங்கலம் போன்ற ஊர்களில் ஓட்டு வீட்டுக் கைமரத்தில் ஓடும் வயரை எலி கடிப்பதும், மழையில் ஊறிய சுவரில் சுவிட்சு 'சுருக்'கென்று அடிப்பதும் புதிதல்ல. விளக்கு எரியாவிட்டால் உடனே ஸ்டூலில் ஏறி ஹோல்டரைத் திருகுபவர்கள் பலர். 'கரன்ட்தான் இல்லையே' என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் ஆபத்து.

பக்கத்து வீட்டைப் பாருங்கள்

கோளாறு வீட்டுக்குள்ளா, வெளியிலா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பக்கத்து வீடுகளிலும் விளக்கு இல்லையென்றால் அது லைன் கோளாறு. வயல் மோட்டார்கள் ஓடும்போது மட்டும் தெருவே மங்கினால் அது டிரான்ஸ்ஃபார்மரில் சுமை கூடியதால் வரும் குறைந்த மின்னழுத்தம். இந்த இரண்டுக்கும் உங்கள் வீட்டு வயரிங்கைக் கிண்டத் தேவையில்லை.

உங்கள் வீட்டில் ஒரு விளக்கு மட்டும் எரியவில்லையா? மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, வேறு அறையில் நன்றாக எரியும் பல்பை அங்கே மாட்டிப் பாருங்கள். எரிந்தால் பழைய பல்புதான் பழுது. எரியாவிட்டால் ஹோல்டர், சுவிட்சு அல்லது அதற்குப் போகும் வயரில் கோளாறு.

ஃபீஸ் சொல்லும் சேதி

ஒரு பக்கத்து விளக்குகள் மொத்தமும் போனால் ஃபீஸ் கட்டையைப் பார்க்க வேண்டும். மெயினை அணைத்து, எல்லா விளக்கு சுவிட்சுகளையும் அணைத்து, புதுக் கம்பி கட்டி மாட்டுங்கள். பிறகு மெயினைப் போட்டு, சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டு வாருங்கள். எந்த சுவிட்சைப் போட்டதும் ஃபீஸ் போகிறதோ, கோளாறு அந்த விளக்கின் பாதையில். எல்லா சுவிட்சும் அணைந்திருக்கும்போதே போனால், ஃபீஸுக்கும் சுவிட்சுகளுக்கும் இடையில் ஓடும் வயரே பழுது. எலி கடித்த இடத்தையும் ஈரச் சுவரையும் முதலில் சந்தேகப்படுங்கள்.

விளக்குகளுக்கு 5 ஆம்பியர் ஃபீஸ் கம்பி போதும். 'அடிக்கடி போகிறதே' என்று தடித்த செம்புக் கம்பியைக் கட்டுவது பெரும் தவறு. அப்போது ஃபீஸ் உருகாது. சுவருக்குள்ளும் கூரையிலும் ஓடும் வயர் சூடேறும். கூரை வீட்டில் அதன் முடிவு தீ.

டெஸ்டர் இரண்டு பக்கமும் எரிகிறதா?

விளக்கு எரிய இரண்டு கம்பிகள் வேண்டும். பேஸ் கம்பி வழியாக மின்சாரம் வருகிறது; நியூட்ரல் வழியாகத் திரும்புகிறது. நியூட்ரல் அறுந்துவிட்டால் விளக்கு எரியாது. ஆனால், சுவிட்சு போட்டிருந்தால் மின்சாரம் பல்பைத் தாண்டி, அறுந்த நியூட்ரலின் முனை வரை வந்து நிற்கும். டெஸ்டரை வைத்தால் ஹோல்டரின் இரண்டு முனையிலும் எரியும். இதை அறியாமல் அந்த முனையைத் தொட்டால், மின்சாரம் உடல் வழியாகத் தரைக்கு இறங்கும்.

'சுவிட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு மின்மினிபோல மினுக்குகிறதே' என்று பலர் கேட்பதுண்டு. சுவிட்சில் சிறிய இண்டிகேட்டர் விளக்கு இருந்தால் இப்படி நடக்கும். அது இல்லையென்றால், சுவிட்சை பேஸில் வைக்காமல் நியூட்ரலில் வைத்து வயரிங் செய்திருக்கலாம். அப்படியானால் சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். வயர்மேனை வைத்து மாற்றிவிடுங்கள்.

எல்லா விளக்கும் திடீரென்று கண் கூசும்படி எரிந்தால், வெளி லைனில் நியூட்ரல் அறுந்திருக்கலாம். வீட்டுக்கு வர வேண்டிய 230 வோல்ட்டுக்குப் பதில் 400 வோல்ட்டுக்கு அருகில்கூட ஏறலாம். டி.வி., ஃபிரிட்ஜ், ஃபேன் எல்லாம் கருகும். தயங்காமல் மெயினை அணையுங்கள்.

மாட்டுக்கொட்டகை

வீட்டிலிருந்து வயரை முறுக்கி, டேப் சுற்றிக் கொட்டகைக்கு இழுப்பது வழக்கம். மழையில் அந்த இணைப்பு நனைந்தால் இரும்புக் குழாயிலும் தகரத்திலும் மின்சாரம் ஏறும். மாடு சாணமும் மூத்திரமும் ஊறிய தரையில் நிற்கிறது. மனிதருக்குச் சுருக்கென்று படும் அளவே கறவைக்கு எமனாகலாம். இணைப்பில்லாத ஒரே வயர், நல்ல எர்த், 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்.சி.சி.பி. ஆகிய மூன்றும் கொட்டகைக்குக் கட்டாயம். ஆர்.சி.சி.பி.யில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழவில்லையென்றால் அதை நம்பாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

நீங்கள் தொடக் கூடாதவை

டெஸ்டர் எரியவில்லை என்பது மட்டும் பாதுகாப்பல்ல. டெஸ்டரே பழுதாக இருக்கலாம். மின்சாரம் இருக்கும் இடத்தில் முதலில் அதைச் சோதித்துக்கொள்ளுங்கள். மெயினை அணைத்தாலும் மீட்டரிலிருந்து மெயினுக்கு வரும் கம்பியில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். மீட்டர், அதன் முத்திரை, கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயர், கம்பம் ஆகியவை மின்வாரியத்தின் வேலை. 94987 94987 என்ற மின்னகம் எண்ணில் எந்நேரமும் புகார் செய்யலாம். மீட்டருக்கு உள்ளே ஹோல்டர், சுவிட்சு, வயர் மாற்ற உரிமம் பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி, ஒரு கறவை மாட்டின் விலையில் சிறு துளிதான்.