உள்ளங்கையில் ஓர் ஒளிமானி

மெரினாவில் காலை 6.30 மணிக்கு எடுத்த குடும்பப் படம் ஒன்றை வாசகர் அனுப்பியிருக்கிறார். கடல் தகதகக்கிறது, வானம் பொன்னாக இருக்கிறது, முகங்கள் மட்டும் இருட்டு. கேமராவில் கோளாறா என்பது அவர் கேள்வி.

கோளாறு இல்லை. கேமராவின் ஒளிமானி, காட்டியதையெல்லாம் சேர்த்து நடுத்தரச் சாம்பல் என்றே கணக்கிடும். விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அது. இதை எழுதுபவர் வளர்ந்த தெருவில் ஓர் அரிசி ஆலை முதலாளி இருந்தார். அவர் வருமானத்தைச் சேர்த்துச் சராசரி பார்த்தால் தெருவே வசதியானது என்றாகும். படத்தில் சூரியன்தான் அந்த முதலாளி. வெளிச்சம் ஏராளம் என்று நம்பி ஒளிமானி குறைத்துவிடுகிறது.

எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரண்டு மடங்கு, இரண்டு ஸ்டாப் என்றால் நான்கு மடங்கு. முகம் தெளியும், வானம் வெளுக்கும். இரண்டும் வேண்டுமென்றால் ஃபிளாஷ் போட வேண்டும், அல்லது படப்பிடிப்புகளில் செய்வதுபோல் வெள்ளைத் தெர்மகோலால் முகத்துக்கு ஒளியைத் திருப்ப வேண்டும்.

பழைய ஃபிலிம்காரர்களிடம் அருமையான ஒரு வழக்கம் இருந்தது. முகத்தின் மேல் விழும் அதே நிழலில் தங்கள் உள்ளங்கையை நீட்டி, அதை மட்டும் அளப்பார்கள். உள்ளங்கை அந்தச் சாம்பலைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் வெளிச்சமானது. ஆகவே வந்த அளவோடு ஒரு ஸ்டாப் கூட்டினால் கணக்கு சரி. வியப்பு என்னவென்றால், முகம் மாநிறமோ கறுப்போ, உள்ளங்கையில் மெலனின் குறைவு. முகங்களுக்குள் இருக்கும் வேறுபாடு கைகளுக்குள் அவ்வளவு இல்லை.

முகங்களுக்கு இந்த நியாயம் எளிதில் கிடைக்கவில்லை. 1950களிலிருந்து கோடக்கின் வண்ணப் படங்களை அச்சிட்ட கூடங்கள், வெள்ளைக்காரப் பெண்ணின் படம் கொண்ட 'ஷெர்லி கார்டு' என்ற அட்டையை வைத்தே நிறத்தைச் சரிபார்த்தன. கறுத்த முகங்கள் அதில் விவரமிழந்தன. இன்று நம் போன்களில் வேறொரு கொடுமை நடக்கிறது: ஒளி போதாமல் எடுத்துவிட்டு, பிறகு ஆப்பில் முகத்தையே வெளுக்க வைக்கிறார்கள். பாட்டியின் நெற்றிச் சுருக்கமும் அவர் நிறமும் சேர்ந்தே அழிந்துபோகின்றன.

வாசகர் அடுத்த முறை போனில் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியை மேலே இழுத்துப் பார்க்கலாம். எடுப்பவருக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் வெள்ளை வேட்டியைச் சூரியனுக்கு எதிரே விரித்துப் பிடித்தால், கடலுக்கு முதுகு காட்டி நிற்பவர்களின் முகங்களில் மெல்லிய ஒளி ஏறும்.