கால்கள் காக்கும் வழி

மண் கொட்டிக் கல் பரப்பி அரசினர் அமைப்பது சாலை. ஒற்றையடிப் பாதையை எவரும் அவ்வாறு அமைப்பதில்லை. முன்னே ஒருவர் நடந்தார், பின்னே பலர் நடந்தனர், புல் தேய்ந்தது, பாதை பிறந்தது. நடப்பவர் நின்றுவிட்டால், சில ஆண்டுகளுக்குள் முள்ளும் புதரும் அதனை மூடிவிடும். நடப்பதாலேயே வழி உண்டாகிறது என்னும் இவ்வுண்மையைச் சட்டமாகவும் ஏற்றுக்கொண்ட நாடு இங்கிலாந்து. அந்நாட்டு மக்கள் ஓய்வு நாள்களில் வழிகாட்டி ஒருவர் பின்னே நாட்டுப்புறங்களில் கூட்டமாக நடந்து மகிழ்கிறார்கள். சிற்றூர்கள் அதனையே விழாவாகவும் நடத்துகின்றன. அவ்வழக்கத்தைக் குறித்தும், அதனுள் அடங்கியுள்ள பொறுப்பைக் குறித்தும் இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

முதலில் பாதைகளைப் பற்றிக் கூறுவோம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 1,40,000 மைல் நீளமுள்ள பொதுவழிகள் பதிவாகியுள்ளன. இவற்றுட் பெரும்பாலானவை தனியார் நிலங்களின் ஊடே செல்வன. நிலம் உழவருடையது; அதன்மேல் நடந்து செல்லும் உரிமை ஊராருடையது. நம் பத்திரங்களில் நடைபாதைப் பாத்தியம் என்று எழுதுகிறோம் அல்லவா? ஏறக்குறைய அத்தகையது. ஆனால் அது அண்டை நிலத்தாருக்கு மட்டும் உரியதன்று, எவருக்கும் உரியது. வலிந்து நுழையாமலும், ஒளிந்து செல்லாமலும், ஒருவரிடம் அனுமதி பெறாமலும் பொதுமக்கள் ஒரு வழியில் 20 ஆண்டுகள் தடையின்றி நடந்து வந்தால், அவ்வழி பொதுவுக்கு அளிக்கப்பட்டதாகவே சட்டம் கொள்கிறது. நிலத்துக்குரியவர் தமக்கு அவ்வெண்ணம் இருந்ததில்லை என்று சான்று காட்டினாலன்றி அது மாறாது.

இனி, வழிகாட்டியுடன் நடக்கும் முறையைக் காண்போம். நடையை நடத்துபவர் சில நாள்களுக்கு முன்னரே அவ்வழியில் தாம் ஒருமுறை நடந்து பார்த்துவிடுவார். எங்கே சேறு, எங்கே மரம் விழுந்திருக்கிறது, எந்த மேய்ச்சல் நிலத்தில் காளை நிற்கிறது என்பதையெல்லாம் குறித்துக்கொள்வார். எத்தனை மைல், எத்தனை அடி ஏற்றம் என்பதை முன்கூட்டியே அறிவித்துவிடுவார். நேரத்தைக் கணக்கிட எளிய வாய்பாடு ஒன்று உண்டு. 1892ஆம் ஆண்டில் வில்லியம் நெய்ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு மலையேற்ற வல்லுநர் வகுத்தது அது. 3 மைலுக்கு ஒரு மணி; அதனுடன் ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் மேலும் ஒரு மணி. எனவே 6 மைல் தூரமும் 1,000 அடி ஏற்றமும் உள்ள வழிக்கு இரண்டரை மணி நேரம் வேண்டும். இளைப்பாறும் நேரம் இதில் அடங்காது.

புறப்படுமுன் வழிகாட்டி தலைகளை எண்ணிக்கொள்வார். கடைசியில் ஒருவர் வருவார். எவரும் பின்தங்கிவிடாமல் பார்ப்பது அவர் கடமை. கூட்டத்திலேயே மெதுவாக நடப்பவரின் வேகமே கூட்டத்தின் வேகம். வேலியை ஏறிக் கடக்கும் மரப்படிகள் வரும்போது, எல்லாரும் கடந்து வரும்வரை முன்சென்றவர் நிற்பர். திறந்த படலை மூடிச் செல்வதும், பயிர் நிற்கும் வயலில் ஒருவர் பின் ஒருவராகச் செல்வதும், ஆடு மேயும் இடத்தில் நாயைக் கட்டிப் பிடிப்பதும் ஒழுங்குகள். உழவருக்கும் கடமை உண்டு. வயலின் குறுக்கே செல்லும் பாதையை விதைப்புக்காக உழுதால், 14 நாள்களுக்குள் அதனை மீண்டும் நடப்பதற்கு ஏற்றதாக்க வேண்டும் என்பது 1990ஆம் ஆண்டுச் சட்டம். இவ்வாறு இரு தரத்தாரும் ஒருவரையொருவர் மதிப்பதனால்தான் வேலிகளுக்கிடையே உரிமை வாழ்கிறது.

இதில் பெறும் இன்பம் யாது? தனியே செல்பவன் காண்பது புல்வெளி மட்டுமே. அறிந்தவருடன் செல்பவனோ, அப்புல்வெளியில் அலைபோல் எழுந்து தாழும் மேடுகள் பல நூற்றாண்டுகளுக்கு முன் ஏர் உழுத தடங்கள் என்று அறிகிறான். நேராகச் செல்லாமல் ஏன் இப்பாதை குன்றைச் சுற்றிச் செல்கிறது என்று கேட்டால், தொலைவிலுள்ள தாய்க்கோயிலின் இடுகாட்டுக்கு இறந்தவரைச் சுமந்து சென்ற வழி இது என்று விடை வரும். ஒன்று ஆலைக்குச் சென்ற வழி. மற்றொன்று சந்தைக்குச் சென்ற வழி. மே மாதத்தில் மரநிழலெங்கும் நீலமணிப் பூக்கள் பரந்து கிடக்கும் காடுகளும் வரும். பள்ளிக்கூடத்தில் ஏட்டில் படித்த வரலாறும் நிலநூலும் இங்கே காலடியில் கிடக்கின்றன. ஆசிரியத் தொழிலில் வாழ்நாளைச் செலவிட்ட எனக்கு, இதனினும் நல்ல வகுப்பறை உண்டென்று தோன்றவில்லை.

நடைவிழா என்பது இத்தகைய நடைகள் பலவற்றை ஓர் ஊரார் சில நாள்களில் தொகுத்து வைப்பது. குழந்தைகளுக்கு ஒரு மைல், முதியோருக்கு மூன்று மைல், வல்லவருக்கு இருபது மைல் என்று வகை வகையாக அமைப்பர். வழிநடத்துவோர் பெரும்பாலும் ஊதியம் பெறாத உள்ளூர்த் தொண்டர்கள். 500 மைலுக்கு மேற்பட்ட பாதைகளையுடைய வைட் தீவு இதற்குப் பெயர் பெற்றது. கவிஞர் டென்னிசன் நாள்தோறும் உலாவிய குன்று அங்கேதான் உள்ளது. அதன் உச்சியில் அவர் நினைவாக 1897ஆம் ஆண்டில் நாட்டிய சிலுவையும் நிற்கிறது. யார்க்ஷயரிலுள்ள ஹெப்டன் பிரிட்ஜ் என்னும் சிறு நகரம் 2007ஆம் ஆண்டில் நடப்பவரை வரவேற்கும் ஊர் என்று தன்னை அறிவித்துக்கொண்டது. பல ஊர்கள் அதனைப் பின்பற்றின. நடந்து களைத்தவர் தேநீர்க் கடையையும் உணவு விடுதியையும் நாடுவர் அன்றோ? அதனால் ஊருக்கும் வருவாய் உண்டு. 2001ஆம் ஆண்டில் கால்நடைகளுக்குக் கோமாரி நோய் பரவியபோது, நாடெங்கும் பாதைகளை அடைத்துவிட்டனர். விடுதிகள் வெறிச்சோடின. நடப்பவரின் அருமையை அப்பொழுது ஊர்கள் நன்கு உணர்ந்தன.

இவ்வின்பம் எளிதில் கிடைத்ததன்று. மலைகளும் மேட்டுக் காடுகளும் செல்வரின் வேட்டைக்கென அடைபட்டுக் கிடந்த காலம் ஒன்றிருந்தது. அவற்றை மக்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று 1884 முதலே நாடாளுமன்றத்தில் மசோதாக்கள் வந்தன; ஒன்றும் ஆகவில்லை. 1932ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், மான்செஸ்டர் பகுதித் தொழிலாளர் சில நூறு பேர், பென்னி ராத்மன் என்னும் இருபது வயது இளைஞர் முதலானோர் தலைமையில் கிண்டர் ஸ்கௌட் என்னும் மலைமீது தடையை மீறி ஏறினர். ஐவருக்கு 2 மாதம் முதல் 6 மாதம் வரை சிறை கிடைத்தது. ஆனால் 1949ஆம் ஆண்டில் தேசியப் பூங்காச் சட்டம் பிறந்தது. 1951ஆம் ஆண்டில் அம்மலை அடங்கிய பீக் மாவட்டமே அந்நாட்டின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. 2002ஆம் ஆண்டில், மலைக்கு அன்று உரியவராயிருந்த டெவன்ஷயர் கோமகனின் பேரர் நினைவுக் கூட்டத்துக்கே வந்து, தம் பாட்டனார் செய்ததற்காக மன்னிப்புக் கேட்டார்.

எனினும் கவலை தீர்ந்துவிடவில்லை. வரைபடத்தில் ஏறாத பழைய பாதைகள் இன்னும் பல உள்ளன. 1949க்கு முற்பட்ட பாதைகளை 2026ஆம் ஆண்டுக்குள் பதிந்துவிட வேண்டும் என்று 2000ஆம் ஆண்டுச் சட்டம் கெடு வைத்தது. பின்னர் அக்கெடு 2031க்குத் தள்ளிப்போயிற்று. அதனை அடியோடு நீக்குவதாக 2024ஆம் ஆண்டு டிசம்பரில் அரசு அறிவித்தது. கெடு மாறலாம், நீங்கவும் செய்யலாம். ஆனால் இது எங்கள் வழி என்று காட்டச் சான்று வேண்டுமே! பழைய நில வரைபடங்கள் ஒரு சான்று. அங்கே நாங்கள் நடந்தோம் என்று கூறும் முதியோரின் வாய்மொழி மற்றொரு சான்று. அம்முதியோர் மறையுமுன் அதனை எழுதி வைத்தாக வேண்டும்.

ஆதலால், நேயர்களே, நடைவிழாவில் பேரனின் கையைப் பற்றிக்கொண்டு மூன்று மைல் நடக்கும் பாட்டியார் பொழுதை மட்டும் போக்கவில்லை. அவர் தம் ஊரின் உரிமை ஒன்றைப் புதுப்பிக்கிறார். அவ்வழியை அறிந்த கால்கள் இரண்டினை அடுத்த தலைமுறைக்கும் விட்டுச் செல்கிறார். எழுதி வைத்த உரிமையும் எடுத்தாளாவிடில் மங்கிவிடும், பாதையும் அவ்வாறே.