படிக்கட்டும் பாடசாலையும்

பள்ளிக்கூட வாயிலில் மூன்று படிகள் இருக்கின்றன. நம்மில் பலர் அவற்றை எண்ணிப் பார்த்ததே இல்லை, ஏறிப் போய்விடுகிறோம். ஆனால் சக்கர நாற்காலியில் வரும் ஒரு சிறுவனுக்கு அந்த மூன்று படிகளே மூன்று மலைகள். "உனக்கு இங்கே இடமில்லை" என்று எவரும் அவனிடம் சொல்லவில்லை. சேர்க்கைப் பதிவேட்டில் அவன் பெயரும் இருக்கிறது. இருந்தும் அவன் வெளியே நிற்கிறான். இதைப் பாகுபாடு என்று கூறலாமா? கூறலாம் என்கிறது நம் நாட்டுச் சட்டம். அது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நெடுங்காலமாக ஊனமுற்ற குழந்தையின் கல்வி இரக்கத்தின்பாற்பட்டதாகவே கருதப்பட்டு வந்தது. இரக்கம் உள்ளவர் சேர்த்துக்கொள்வார், இல்லாதவர் கைவிரித்துவிடுவார். இந்நிலையை மாற்ற முற்பட்டது 1995-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். 18 வயது வரை இலவசக் கல்வி என்று அது கூறிற்று. எனினும் 7 வகைக் குறைபாடுகளையே அது கணக்கில் கொண்டது. 2006-இல் ஐக்கிய நாடுகள் அவை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஏற்றது. 2007-இல் இந்தியா அதனை உறுதி செய்தது. அதன் பயனாகப் பிறந்ததே மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ள இச்சட்டம், ஆட்டிசம், கற்றல் குறைபாடு முதலியவற்றையும் சேர்த்து 21 வகைகளை ஏற்றுக்கொள்கிறது.

இச்சட்டத்தின் உயிர்நாடி எது? பாகுபாடு என்ற சொல்லுக்கு அது தரும் விளக்கமே ஆகும். ஊனத்தைக் காரணம் காட்டி ஒருவரை விலக்குவது மட்டும் பாகுபாடு அன்று. அவருக்குத் தேவையான நியாயமான ஏற்பாட்டைச் செய்து தர மறுப்பதும் பாகுபாடே. "எல்லோருக்கும் ஒரே விதிதான், நாங்கள் யாரையும் பிரித்துப் பார்ப்பதில்லை" என்று ஒரு நிறுவனம் பெருமையாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ள இயலாது. சமமாக நடத்துவது வேறு, ஒரே மாதிரி நடத்துவது வேறு. அதே வேளையில், அளவுக்கு மீறிய சுமையை நிறுவனத்தின் தலையில் ஏற்றவும் சட்டம் சொல்லவில்லை. நியாயமானது என்ற அடைமொழியின் பொருள் அதுதான்.

அரசின் நிதியுதவியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்களின் கடமைகளை 16-ஆம் பிரிவு வரையறுக்கிறது. பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும். கட்டடங்களை அணுகத்தக்கவையாக ஆக்க வேண்டும். பார்வையற்றோருக்கும் செவித்திறன் அற்றோருக்கும் ஏற்ற மொழியிலும் முறையிலும் கற்பிக்க வேண்டும். தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றை 17-ஆம் பிரிவு குறிப்பிடுகிறது. 40 விழுக்காட்டுக்குக் குறையாத ஊனமுடைய குழந்தைக்கு 6 வயது முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ, விரும்பியபடி இலவசக் கல்வி பெறும் உரிமையை 31-ஆம் பிரிவு வழங்குகிறது. அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் அத்தகையோருக்குக் குறைந்தது 5 விழுக்காடு இடம் ஒதுக்கச் சொல்கிறது 32-ஆம் பிரிவு.

ஏட்டில் இருப்பது நாட்டில் இருக்கிறதா? 2021-இல் மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதிய ஒரு மாணவியின் வழக்கு இதற்கு விடை கூறும். கையால் எழுதுவதில் குறைபாடு உடைய அவருக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகப் பெற உரிமை உண்டு. ஆயினும் தேர்வு மையத்தில் மற்றவர்களோடு சேர்த்து அவரது விடைத்தாளும் வாங்கப்பட்டுவிட்டது. ஒரு மணி நேரம்தானே என்று நமக்குத் தோன்றலாம். அவருக்கோ அது பல ஆண்டு உழைப்பு! வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. மறுதேர்வுக்கு ஆணையிடாவிடினும், நேர்ந்த அநீதியைக் களைய வழி காணுமாறு தேர்வு நடத்திய முகமைக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. பணியாளர்களுக்குப் பயிற்சி தேவை என்றும் வலியுறுத்தியது. அதே ஆண்டில் வேறொரு வழக்கில், ஊனம் 40 விழுக்காட்டை எட்டவில்லை என்பதற்காக, சொல்வதை எழுதுபவரை மறுக்கக் கூடாது என்றும் தீர்ப்பளித்தது.

உரிமை மறுக்கப்பட்டால் மாநில ஆணையரிடம் முறையிடலாம். அவர் பரிந்துரை செய்தால், எடுத்த நடவடிக்கையை மூன்று மாதங்களுக்குள் தெரிவிக்க வேண்டும். சட்டத்தை முதன்முறை மீறுவோருக்கு 10,000 ரூபாய் வரையிலும், மீண்டும் மீறுவோருக்கு 50,000 ரூபாய் முதல் 5 இலட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் உண்டு. ஆனால் ஆணையரின் சொல் பரிந்துரையே அன்றித் தீர்ப்பு அன்று. இது சட்டத்தின் ஒரு குறையே. பழைய பொதுக் கட்டடங்களை மாற்றியமைக்கத் தந்த ஐந்தாண்டுக் கெடுவும் 2022-ஆம் ஆண்டு ஜூனில் முடிந்துவிட்டது. படிகளோ பல இடங்களில் அப்படியே நிற்கின்றன.

நண்பர்களே! நம்முள் பலர் நாளை ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் ஆகப் போகிறவர்கள். தேர்வுக் கூடத்தில் மணி அடிக்கும்போது, "இவருக்கு இன்னும் நேரம் இருக்கிறது" என்று சொல்ல வேண்டியவர் அங்கே நிற்கும் கண்காணிப்பாளர்தான். அவர் அறியாவிட்டால் சட்டம் ஊமையாகிவிடும். படிக்கட்டின் அருகே ஒரு சாய்தளம் அமைப்பது கருணையன்று, கடமை. அந்தச் சிறுவன் நம்மிடம் கேட்பது கையைப் பிடித்துத் தூக்கிவிடுவதை அல்ல, தானே உள்ளே வருவதற்கு ஒரு வழியை!